விண்வெளியை வரையும்போது எங்கே தவறுகிறோம்?

வாட்டர்கலர், அக்ரிலிக், ஒட்டிய காகிதம், உப்பு என்று கையில் கிடைப்பதையெல்லாம் ஒரே படத்தில் சேர்க்க விண்வெளி போல வாகான பொருள் கிடையாது. ஆனால் பல படங்கள் முதல் ஈரத்திலேயே கெட்டுவிடுகின்றன. சார்ட் பேப்பரில் தண்ணீர் பட்டதும் தாள் மேடும் பள்ளமுமாக எழும்பும். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள வாட்டர்கலர் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுப் பலகையில் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

கறுப்பை ட்யூபிலிருந்து அப்படியே பூசாதீர்கள்; வானம் சுவர் மாதிரி நிற்கும். அல்ட்ராமரைன் நீலத்தில் பர்ன்ட் அம்பர் கலந்து பாருங்கள், இருட்டுக்கு ஓர் ஆழம் வரும்.

நெபுலாவுக்கு, அதாவது விண்வெளியின் வாயு, தூசி மேகத்துக்கு, உப்பு தூவுவதில்தான் பொறுமை தேவை. வாட்டர்கலர் தேங்கி நிற்கும்போது போட்டால் உப்பு கரைந்துவிடும். காய்ந்தபின் போட்டால் ஒன்றும் நடக்காது. தாளைச் சாய்த்தால் ஈரம் மினுங்க வேண்டும், ஓடக் கூடாது. அதுதான் நேரம். நன்றாகக் காய்ந்ததும் உப்பை முழுக்கத் தட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் ஈரத்தை இழுக்கும். அக்ரிலிக்கில் இந்த உத்தி அவ்வளவாக எடுபடாது. அப்புறம், ஆயில் பேஸ்டலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் அக்ரிலிக் பூசினால் ஒட்டாமல் உரியும்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது நட்சத்திரங்கள்தான். ஒரே அளவில், ஒரே வெள்ளையில், சீராகத் தெளித்த புள்ளிகள்! மார்கழி இரவில் மொட்டை மாடிக்குப் போய் ஓரியன் விண்மீன் கூட்டத்தைப் பாருங்கள். திருவாதிரை செம்மஞ்சளாகவும், ரைகல் நீலம் கலந்த வெள்ளையாகவும் இருக்கும். நடுவில் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக, அவற்றுக்குக் கீழே புகைபோல் ஓரியன் நெபுலா. படத்திலும் சில இடங்கள் நெருக்கமாக, சில இடங்கள் வெறுமையாக இருக்கட்டும். டூத்பிரஷால் தெளிக்க வெள்ளை அக்ரிலிக் பால் பதத்தில் இருந்தால் போதும். முதல் உதறலில் பெரிய சொட்டு விழும். அதைப் பழைய நாளிதழில் விட்டுவிட்டுப் படத்துக்கு வாருங்கள்.

எல்லா நட்சத்திரத்துக்கும் கூர்முனை வரைவதும் வேண்டாம். அந்தக் கதிர்களைத் தொலைநோக்கியின் அமைப்புதான் உண்டாக்குகிறது: ஹபிள் படங்களில் நான்கு, ஜேம்ஸ் வெப் படங்களில் பெரிதாக ஆறு. மிகப் பிரகாசமான ஒன்றிரண்டுக்குப் போட்டால் போதும், ஒரே படத்தில் இரண்டு வகையையும் கலக்க வேண்டாம்.

பிறையின் நடுவே நட்சத்திரம் வைப்பதும் தவறு. அந்த இருண்ட பகுதியும் நிலவுதான். அதைத் தாண்டி எதுவும் தெரியாது. தெளிப்பதற்கு முன் முழு நிலவின் அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, அங்கே மூடி வைத்துவிடுங்கள்.