மிச்சத் துணியில் யன்னல் சீலை: முதல் கழுவலில் தெரியவரும் பிழைகள்

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த வீட்டில் இருப்பவர்களுக்கு யன்னல் சீலை படும் பாடு தெரியும். பின்னேர வெயில் நேராக அடிக்கும். காற்றோடு உப்பு வரும். மே மாதம் பிறந்தால் சாரலும் சேர்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட யன்னலுக்குத்தான், பிள்ளைகளின் கைவேலையில் மிஞ்சிய துணி, பத்திக் துண்டு, பழைய சேலைக் கரை, லேஸ், மணி என்று வீட்டில் கிடந்ததை எல்லாம் சேர்த்து நான் சீலை தைக்கிறேன். முதலில் தைத்த சோடி தொங்கியபோது நல்ல வடிவு. கழுவிய அன்றே கெட்டுப்போனது.

காரணம் இதுதான்: துண்டுகளைக் கழுவாமல் தைத்துவிட்டேன். கழுவாத பருத்தி முதல் தடவை தண்ணீர் பட்டதும் நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்குவது சாதாரணம். 7 அடி நீளச் சீலையில் அது இரண்டரை முதல் நாலு அங்குலம். பொலியெஸ்டர் சுருங்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தால் என்ன ஆகும்? என் சீலையில் நீலக் கைத்தறிப் பட்டை மேலே இழுத்துக்கொண்டது, அதை ஒட்டியிருந்த பொலியெஸ்டர் பட்டை பை மாதிரி உப்பி நின்றது. அயன் பண்ணிப் பார்த்தேன், இறங்கவில்லை. தையலைப் பிரிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அதனால் எவ்வளவு சின்னத் துண்டாக இருந்தாலும் முதலில் கழுவி, காயவைத்து, அயன் பண்ணிய பிறகே கத்தரிக்கோலை எடுங்கள்.

சாயமும் அப்படித்தான். பத்திக்கிலும் கடும் சிவப்பு, கருநீலக் கைத்தறியிலும் சாயம் கழரலாம். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து துணியின் ஒரு மூலையில் அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால், தண்ணீர் தெளியும்வரை அந்தத் துண்டைத் தனியாக அலச வேண்டும். உப்பிலோ வினாகிரியிலோ ஊறப்போட்டால் சாயம் நின்றுவிடும் என்று பலர் சொல்வார்கள். ஏற்கெனவே சாயம் போட்ட துணிக்கு அதை நம்ப முடியாது.

அடுத்தது இழை ஓட்டம். சட்டை வெட்டி மிஞ்சிய துண்டுகளில் கரை இருக்காது, எது நீளம் எது அகலம் என்று பார்த்த உடனே தெரியாது. இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். குறைவாக இழுபடும் பக்கம்தான் பெரும்பாலும் பாவு நூல், அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் நூல். அது மேலிருந்து கீழாக வர வேண்டும். மூலைவாட்டில் வெட்டிய துண்டு தன் பாரத்திலேயே நீண்டு, சீலையின் அடி கோணலாகிவிடும்.

அளவில் பலர் தவறுவது தையல் கணக்கில். யன்னல் 4 அடி, அதாவது 48 அங்குலம் என்று வையுங்கள். மடிப்பு விழுந்து வடிவாகத் தொங்க, அதன் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு அகலம் வேண்டும். 6 அங்குலத் துண்டு 16 இருந்தால் 96 அங்குலம் ஆயிற்று என்று நினைப்போம். ஒவ்வொரு துண்டும் இரு பக்கமும் அரை அங்குலம் தையலுக்குக் கொடுக்கும்போது மிஞ்சுவது 80 தான். குறைகிற துணிக்குப் புறக்கோட்டைக் கடைகளுக்கு ஓடுவதைவிடப் பழைய படுக்கை விரிப்பு நல்லது. பலமுறை கழுவிய துணி, இனிச் சுருங்க அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

அந்த விரிப்பு உள்துணியாகவும் உதவும். பட்டுச் சேலைக் கரையை வெயில் நேரே படும்படி தொங்கவிடாதீர்கள். பட்டு நூல் வெயிலில் இற்றுப்போகும். அம்மாவின் சேலைக் கரை கையோடு கிழிந்து வருவதைப் பார்ப்பது பெரிய வேதனை. கண்ணாடிப் பக்கம் வெள்ளைப் பருத்தியை வைத்துத் தைத்தால் கரை அதிக காலம் இருக்கும்.

சூட்டுப் பசையால் மணியும் லேஸும் ஒட்டுவது சுவரில் மாட்டும் கைவேலைக்குச் சரி. வெயில் படும் யன்னலில் பசை இளகும், மணி ஒவ்வொன்றாக விழும். ஊசி நூலால் தையுங்கள். மணிச்சரத்துக்குத் தங்கூசி நூல் நல்லது, ஆனால் சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் மணிச்சரமும் வளையமாகத் தொங்கும் கயிறும் வேண்டவே வேண்டாம். கழுத்தில் சுற்றினால் உயிருக்கே ஆபத்து. குசினி யன்னலில், காஸ் அடுப்புக்குப் பக்கத்தில், வலைத் துணியோ கடதாசிப் பூவோ தொங்கவும் கூடாது.

சட்டை ஊசியில் கொழுவுகிறவர்களும் உண்டு. கடற்காற்றில் அது சீக்கிரமே கறள் பிடித்து துணியில் மண்ணிறப் புள்ளி விழும். அதற்கு வெளுப்புத் திரவம் போட்டால் கறை இன்னும் இறுகும். வெள்ளைப் பருத்தி என்றால் தேசிக்காய்ப் புளியும் உப்பும் பூசி வெயிலில் வைத்து அலசினால் இளம் கறை போய்விடும். கொழுவுவதற்குத் துணி நாடாவே தைத்துவிடுங்கள்.

கீழ் மடிப்பைக் கடைசிக்கு வையுங்கள். பல துணி சேர்ந்த சீலை, தொங்கத் தொங்க ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு அளவு இறங்கும். இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டு, பிறகு நிலத்திலிருந்து ஒரே உயரத்தில் சோக்கால் கோடு போட்டுக்கொண்டு வாருங்கள். அந்தக் கோட்டில் மடித்தால் அடி நேராக நிற்கும்.