கொண்டெய்னரில் மரம் உலர்த்தப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் கொழும்பில் பழைய கொண்டெய்னர் தேடுவது பெரிய கஷ்டமில்லை. 20 அடிப் பெட்டி ஒன்றை வாங்கி, ஹீட்டரும் ஃபேனும் பூட்டினால் போதும், மரம் காய்ந்துவிடும் என்று மரக்காலைக்காரரும் தளபாடம் செய்பவர்களும் நினைப்பதுண்டு. காயத்தான் செய்யும். ஆனால் நல்ல பலகையெல்லாம் வெடித்து, முறுகி வெளியே வரும்.

முதல் தவறு, அவசரச் சூடு. 30 பாகை செல்சியஸில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள நம்மூர்க் காற்றை 50 பாகைக்கு ஏற்றினால், அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 27 சதவீதத்துக்கு விழுந்துவிடும். பச்சை மரம் இதைத் தாங்காது. பலகையின் மேற்பகுதி சுருங்கி இறுகிவிடும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். பிறகு உள்வெடிப்பு வரும், அது அறுத்துப் பார்க்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. அதனால் தொடக்கத்தில் காற்றுத் துவாரங்களை மூடி, மரம் விடும் ஈரத்தை உள்ளேயே நிறுத்தி, சூட்டை மெதுவாக ஏற்றுங்கள். காற்றின் ஈரப்பதத்தை அறிய உதவும் உலர்குமிழ் வெப்பமானி, குமிழில் ஈரத்துணி சுற்றிய ஈரக்குமிழ் வெப்பமானி இரண்டும் இல்லாமல் கதவைச் சாத்தவே கூடாது.

அடுத்தது வெறும் இரும்புச் சுவர். இரவு மழையில் கூரை குளிர்ந்ததும் உள்ளே நீராவி படிந்து, துளித்துளியாக மேல் அடுக்குப் பலகையில் சொட்டும். துருவும் தேக்கின் சாறும் சேர்ந்தால் கறுப்புக் கறைதான், எவ்வளவு சீவினாலும் முழுதாகப் போகாது. மரத்திலிருந்து வரும் அமில ஆவி இரும்பையும் அரிக்கும். வெப்பக்காப்பு போட்டு, அதன் உட்பக்கம் நீராவி புகாத தடுப்பும் வைக்க வேண்டும். என்னைக் கேட்டால், ஓட்டையில்லாத பழைய குளிரூட்டிக் கொண்டெய்னரே நல்லது. காப்பு ஏற்கெனவே சுவருக்குள் இருக்கிறது.

சாதாரணப் பெட்டியின் தரைப்பலகையை யாரும் கவனிப்பதில்லை. பூச்சி அரிக்காமல் இருக்க அதற்கு மருந்து ஏற்றியிருப்பார்கள். கதவிலுள்ள தகட்டில் அந்த விபரம் இருக்கும். மூடிய அறையில் அதைச் சூடாக்கி, உள்ளே போய் மூச்சு விடுவது ஆபத்து. கழற்றிவிடுங்கள்.

ஃபேன் பூட்டினாலும் காற்று சுலபமான வழியைத்தான் தேடும். அடுக்குக்கு மேலும் பக்கத்திலும் உள்ள இடைவெளியைத் தடுத்தால்தான் அது பலகைகளுக்கு நடுவே புகும். இடையில் வைக்கும் சலாகைகள் ஒரே தடிப்பில், ஒன்றின்மேல் ஒன்றாக நேராக நிற்கட்டும், இல்லாவிட்டால் பலகை வளையும். அப்புறம், ரப்பர் மரத்தையும் தேக்கையும், 1 அங்குலத் தடிப்புப் பலகையையும் 2 அங்குலப் பலகையையும் ஒரே பெட்டியில் கலக்காதீர்கள்.

கடைசியில், மரத்தின் ஈரம் அளக்கும் மீற்றர் 12 சதவீதம் காட்டியதும் உடனே இறக்கிவிடுவார்கள். அதற்குமுன் ஒரு பலகையின் நடுவிலிருந்து குறுக்காக ஒரு துண்டு வெட்டி, அதை இரண்டு கால் கொண்ட கவைபோல் அறுத்துப் பாருங்கள். கால்கள் உள்நோக்கி மடங்கினால் பலகைக்குள் இறுக்கம் இருக்கிறது. சிறிது நேரம் நீராவி விட்டு, அந்த இறுக்கம் தளர்ந்த பிறகு இறக்குங்கள்.