மாரி மழைக்கு முன் கோரைப் புதரைத் துப்புரவாக்குங்கள்

வன்னியில் பலரது கிணற்றடியில் குடை விரித்தாற்போல் நிற்கும் அலங்காரக் கோரை, ஆவணி வெயிலில் பாதி காய்ந்து பழுப்பேறிவிடும். புரட்டாதி முடிவதற்குள், மாரி தொடங்கும் முன், அதைத் துப்புரவாக்கிவிடுங்கள். முதலில் நீண்ட தடியால் புதரைத் தட்டுங்கள். குளிர்ச்சி தேடிப் பாம்பு படுத்திருக்கலாம். கையுறையும் அவசியம், சில கோரைகளின் இலை ஓரம் தோலை அறுத்துவிடும்.

காய்ந்த தண்டுகளை மட்டும் அடியோடு வெட்டுங்கள். பாதியில் வெட்டிய தண்டு மறுபடி வளராது, கட்டையாக நின்று அழுகும். புதுத் தண்டு மண்ணுக்குள் இருந்துதான் வரும். பச்சையாக நிற்கும் புதரை முழுவதுமாக மொட்டையடிப்பதை நான் விரும்புவதில்லை. மெல்லிய இலைக் கோரைகளுக்குக் கத்தரியே வேண்டாம். தலை வாருவதுபோல் விரல்களால் கோதினால் காய்ந்த இலைகள் கையோடு வந்துவிடும்.

நடுப்பகுதி வெறுமையாகிவிட்டால் மண்வெட்டியால் கிளப்பி, பிரித்து நடலாம். பச்சைக் குடைத்தலை ஒன்றைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்தால் சில வாரங்களில் வேர்விடும் (நுளம்பு பெருகாதபடி தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள்).

விதைத் தலைகளையும் பிடுங்கிய வேர்த்துண்டுகளையும் வாய்க்காலில் எறியவே கூடாது. வயலுக்குப் போய்ச் சேர்ந்தால் அவை அங்கே களையாக முளைக்கும்.