சின் காலத் தகட்டுக் கவசத்தை அட்டையில் கட்டும் முறை

சின் என்பது சீனாவின் முதல் பேரரசை நிறுவிய அரசமரபு. சீனாவின் சியான் நகருக்கு அருகே 1974-இல் வெளிப்பட்ட, அந்தக் காலத்துச் சுடுமண் வீரர் சிலைகள் பலவற்றின் உடலில், தகடுகளைக் கோத்துக் கட்டிய கவசம் மிக நுணுக்கமாக வடிக்கப்பட்டுள்ளது. அதைப் பார்த்து மாதிரி செய்வோர் பெரும்பாலும் எல்லாத் தகடுகளையும் மீன் செதில்போல மேலிருந்து கீழாக அடுக்கிவிடுகிறார்கள். அப்படிக் கட்டியது பார்வைக்கு அழகாக இருக்கும், ஆனால் அணிந்தவர் குனிய முடியாது. சிலைகளில் மார்புப் பகுதியில் மேல் வரிசை கீழ் வரிசையை மூடுகிறது; வயிற்றிலும் தோளிலும் கீழ் வரிசையே மேல் வரிசையின்மீது படிகிறது.

தடித்த அட்டையை ஐந்துக்கு ஏழு செ.மீ. அளவில் வெட்டி, முனைகளை மழுக்கி, குத்தூசியால் ஓரங்களில் துளையிட்டு, இருபுறமும் வார்னிஷ் பூசிக் காயவிடுங்கள். வசதியுள்ளவர்கள் தோலில் செய்யலாம். சிலைகள் காட்டும் கவசமும் அரக்குப் பூசிய தோலாக இருந்திருக்கும் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து.

அடுத்து, கோக்கும் ஒழுங்கு. மார்பின் கடைசி வரிசை, மேலே உள்ளதற்கும் கீழே உள்ளதற்கும் அடியில் போவதால், அதை முதலில் கட்டி, அங்கிருந்து மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் வளர்த்துச் செல்வதே எளிது. நடுத்தகடு பக்கத் தகடுகளின்மேல் அமையவேண்டும். ஆகவே ஒவ்வொரு வரிசையையும் விலாப்புறத்தில் தொடங்கி நடுவில் முடியுங்கள்.

மார்புத் தகடுகளை அசையாதபடி இறுகக் கட்டலாம். வயிற்றுத் தகடுகளைச் செங்குத்தாக இணைக்கும் கயிற்றில் மட்டும், கீழ்த்தகடு மேல்தகட்டின்மீது ஏறக்குறைய பாதி உயரம் ஏறி இறங்கும் அளவுக்குத் தளர்வு விடவேண்டும். தோள் வரிசைகளுக்கும் இதே தளர்வு தேவை. கையை உயர்த்தும்போது அவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருங்கும். இந்த இடத்தில் பொறுமையாக இருங்கள், ஏனெனில் கவசத்தின் அருமையே இந்தக் கயிற்றில்தான் இருக்கிறது.

இதைத் தலைவழியே அணியவேண்டும். வலது மார்பின் மேற்புறம் ஒரு திறப்பு விட்டு, சிறு மரமுளையைக் கண்ணிக்கயிற்றில் மாட்டி மூடுங்கள். மேலிருந்து கீழ்வரை நீளம் 64 செ.மீ. இருந்தால் சிலைகளின் அளவோடு பொருந்தும்.

கட்டி முடித்தபின் அணிந்து, குனிந்து, கையை உயர்த்திப் பாருங்கள். எங்கே தகடு தடுக்கிறதோ அங்கே கயிற்றைச் சற்றுத் தளர்த்துங்கள். பழகியபின் பெரிய வேலைக்கு முயல விரும்புவோர், 1998-இல் சின் மரபின் முதல் பேரரசரது கல்லறை வளாகத்தில் கிடைத்த கல் கவசங்களைப் பின்பற்றலாம்: மீட்டெடுத்துக் கோக்கப்பட்ட ஒன்றில் செம்புக் கம்பியால் இணைத்த 612 சுண்ணாம்புக்கல் தகடுகள் உள்ளன, எடை சுமார் 18 கிலோ.