நியூரம்பெர்க்கில் ஒரு பகல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மியூனிக்கில் தங்குபவர்கள் பலரும் ஒரு நாள் ஒதுக்கி நியூரம்பெர்க் போய் வருகிறார்கள். ஐசிஇ அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், வட்டார ரயிலில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்ற நினைப்புதான் முதல் தவறு. இங்கே பார்க்க வேண்டியவை மூன்று திசைகளில் இருக்கின்றன: மதிலுக்குள் பழைய நகரம், மேற்கே நாஜித் தலைவர்கள் விசாரிக்கப்பட்ட நீதிமன்றம், தென்கிழக்கே நாஜிக் கட்சியின் பேரணி மைதானம். மூன்றுக்கும் ஓடினால் எதையும் நின்று பார்க்க முடியாது. பழைய நகரத்தோடு மற்ற இரண்டில் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கிழமை. திங்களன்று ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகம் மூடியிருக்கும். ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1509 முதல் 1528இல் இறக்கும் வரை வாழ்ந்த வீடும் ஆண்டின் பெரும்பாலான திங்கட்கிழமைகளில் திறக்காது. நீதிமன்ற அருங்காட்சியகத்துக்கு விடுமுறை செவ்வாய். ஞாயிறன்று கடைகள் அடைப்பு; தேவாலயங்களில் காலை வழிபாடு நடப்பதால் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். புதன் முதல் சனிக்குள் ஒரு நாள் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

ரயிலை விட்டு இறங்கியதும் கோட்டையைப் பார்க்க விரைவது பலர் செய்யும் தவறு. கோட்டை ஊரின் வட கோடியில், மேட்டின் மேல் இருக்கிறது. அங்கே போய்விட்டால் நண்பகல் 12 மணிக்குக் கீழே சந்தைச் சதுக்கத்தில் நடப்பதைத் தவறவிடுவீர்கள். அங்குள்ள ஃப்ராவன்கிர்ஷ தேவாலயத்தின் முகப்பில் 1509இல் அமைத்த கடிகாரம் ஒன்று உண்டு. தினமும் பகல் 12க்கு மட்டும் ஏழு இளவரசர்களின் பொம்மைகள் வெளியே வந்து, புனித ரோமப் பேரரசர் நான்காம் சார்லஸை மூன்று முறை சுற்றி வணங்கிச் செல்கின்றன. பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஏழு இளவரசர்களுக்கு உறுதிசெய்த 1356ஆம் ஆண்டு ஆணையின் நினைவு அது. அதே சார்லஸ் காலத்தில், 1349இல், இந்த இடத்தில் இருந்த யூதர் குடியிருப்பு அழிக்கப்பட்டது, நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அவர்களது தொழுகைக் கூடம் நின்ற இடத்தில்தான் இந்தத் தேவாலயம் எழுந்தது. கடிகாரத்தைப் படம் பிடித்துவிட்டு நகரும் கூட்டத்தில் பெரும்பாலோருக்கு இது தெரியாது. தெரிந்துகொண்டு நிற்பதே சரி.

ரயில் நிலையத்திலிருந்து கோனிக்ஸ்ட்ராஸ வழியாக நேரே நடந்தால் பத்து நிமிடத்தில் லோரன்ஸ் தேவாலயம் வரும். இங்கே அரை மணி நேரமாவது நில்லுங்கள். பீடத்துக்கு இடப்பக்கம், சிற்பி ஆடம் கிராஃப்ட் 1490களில் செதுக்கிய, சுமார் 20 மீட்டர் உயரமுள்ள கல் கோபுரம் இருக்கிறது. கூரையைத் தொடும் இடத்தில் அதன் நுனி செடியின் கொழுந்துபோல வளைந்திருக்கும். எல்லோரும் மேலே அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் குனிந்தும் பாருங்கள். கையில் உளியும் சுத்தியலுமாக, முழங்காலை மடித்து, கோபுரத்தை முதுகில் தாங்கும் ஆள் சிற்பி கிராஃப்டேதான். அங்கிருந்து ஆற்றுப் பாலத்தைக் கடந்து 11:50க்குச் சதுக்கத்தை அடைந்தால் போதும்.

பார்ப்பதெல்லாம் இடைக்காலக் கட்டடம் என்று நம்பிவிடாதீர்கள். 1945 ஜனவரி 2ஆம் தேதி இரவு நடந்த குண்டுவீச்சில் பழைய நகரத்தின் பெரும்பகுதி அழிந்தது. இன்று நிற்பவற்றில் நிறைய, பிறகு மீட்டுக் கட்டியவை. சதுக்கத்தில் பொன் பூச்சோடு மின்னும் நீரூற்றும் நகல்தான். எஞ்சிய மூலச் சிற்பங்கள் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. போருக்குத் தப்பிய பழைய மரச்சட்ட வீடுகளை வரிசையாகப் பார்க்க வைஸ்கெர்பர்காஸ தெருவுக்குப் போங்கள்.

கோட்டையில் வெளி முற்றத்தோடு திரும்புவது வீண். சுமார் 50 மீட்டர் ஆழப் பாறைக் கிணற்றை வழிகாட்டியோடு மட்டுமே பார்க்க முடியும். அதனால் நுழைந்ததும் அடுத்த காட்சி எப்போது என்று கேட்டுவிடுங்கள். மேலிருந்து தண்ணீர் ஊற்றுவார்கள், அது அடியில் விழும் சத்தம் கேட்கச் சில விநாடிகள் ஆகும். குளிர்காலத்தில் மாலை 4 மணிக்கே கோட்டையை மூடுகிறார்கள். ஏற்றம் முழுக்கக் கருங்கல் பாவிய பாதை. சக்கரப் பெட்டியை ரயில் நிலையப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போங்கள்.

இந்த ஊர் சாசேஜ் விரல் நீளம்தான். உணவகத்தில் குறைந்தது ஆறாகத் தருவார்கள். தெருக் கடையில் மூன்றை ஒரு பன்னில் வைத்துக் கொடுப்பார்கள். முழுக்கப் பன்றியிறைச்சி. சைவர்கள், சாசேஜோடு வரும் உருளைக்கிழங்கு சாலட்டையும் முட்டைக்கோஸையும் நம்பிக் கேட்டுவிடக் கூடாது. முதலாவதில் பெரும்பாலும் இறைச்சிச் சாறும், இரண்டாவதில் பன்றிக் கொழுப்பும் சேரும். பாலாடைக்கட்டி சேர்த்த ஷ்பெட்ஸ்ல (முட்டை கலந்த மாவில் செய்யும் நூடுல்ஸ்) இறைச்சி தவிர்ப்பவர்களுக்குப் பாதுகாப்பான தேர்வு. அதிலும் பன்றியிறைச்சித் துண்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பிற்பகலுக்கு நீதிமன்றமே எங்கள் பரிந்துரை. யு1 சுரங்க ரயிலில் பேரன்ஷான்ஸ நிலையத்தில் இறங்கினால் பக்கம்தான். விசாரணை நடந்த 600ஆம் எண் அறை பழைய படங்களில் உள்ளதுபோல் இருக்காது. விசாரணைக்காக விரிவாக்கிய அறையைப் பிறகு மாற்றிவிட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் அமர்ந்த பெஞ்சின் பகுதிகள் மேல்தளக் கண்காட்சியில் இருக்கின்றன. அறையை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

பேரணி மைதானத்துக்குப் போவதென்றால் அரை நாள் வேண்டும். 8ஆம் எண் டிராம் கொண்டுபோய் விடும் இடத்திலிருந்து நாஜிப் பேரணிகளின் மேடையான செப்பலின் மேடைக்கு ஏரியைச் சுற்றி நெடுந்தூரம் நடக்க வேண்டும். அந்த மேடையில் விளையாட்டுக்காகக்கூட நாஜி வணக்கம் செய்து படம் எடுக்காதீர்கள். ஜெர்மன் சட்டப்படி அது குற்றம், சிறைத் தண்டனை வரை போகும்.

பயர்ன் டிக்கெட் (பவேரியா மாநில வட்டார ரயில்களுக்கான ஒரு நாள் டிக்கெட்) வைத்திருப்பவர்கள் கவனிக்க: வார நாள்களில் அது காலை 9 மணி முதல்தான் செல்லும், ஐசிஇ ரயிலில் செல்லவே செல்லாது. டிக்கெட்டில் பயணிகளின் பெயரை எழுதியிருக்க வேண்டும். நியூரம்பெர்க் சுரங்க ரயிலுக்கும் டிராமுக்கும் அதுவே போதும், தனி டிக்கெட் வாங்க வேண்டாம். மறுநாள் அதிகாலை 3 மணி வரை செல்லும் என்பதால் இரவு உணவை முடித்துக்கொண்டே வட்டார ரயிலைப் பிடிக்கலாம்.