ஐந்து பேர், ஒரே டிக்கெட்: மியூனிக்கை மையமாக வைத்து ரயிலில் சுற்றுவது எப்படி?

"ஐரோப்பாவை ரயிலில் சுற்றப் போகிறோம்" என்று வாட்ஸாப் குழு தொடங்கிய பத்தாவது நிமிடம் யாராவது ரயில் பாஸ் (பல நாட்டு ரயில்களிலும் ஏறி இறங்க ஒரே சீட்டு) லிங்கைத் தூக்கிப் போடுவார். அவசரப்பட்டு வாங்காதீர்கள். இரண்டு வாரத்தில் நாலைந்து நாடுகளை ஓடி ஓடிப் பார்ப்பவர்களுக்கு பாஸ் சரி. ஓர் ஊரில் அறை எடுத்துக்கொண்டு, காலையில் கிளம்பி இரவில் திரும்பும் நண்பர் கூட்டத்துக்கு அது வீண் செலவு. ஜெர்மனியின் மியூனிக்கில் படித்த காலத்தில் நாங்கள் சுற்றிய விதத்தைச் சொல்கிறேன்.

படி 1: பாஸ் தேவையா என்று கணக்குப் போடுங்கள்

ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இண்டர்ரெயில் பாஸ், வெளியிலிருந்து வருபவர்களுக்கு யூரெயில் பாஸ். எந்த பாஸ்போர்ட் என்பது கணக்கில்லை. இந்திய பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு ஜெர்மனியில் படிப்பவரும் இண்டர்ரெயில்தான் எடுக்க வேண்டும். 27 வயது வரை இளைஞர் கட்டணம் உண்டு. ஆனால் பாஸ் இருந்தாலும் பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா, ஸ்பெயினின் ஏவிஇ போன்ற வேக ரயில்களில் சீட் முன்பதிவுக்குத் தனியாகப் பணம் கட்டணும். பலருக்கு இது கடைசியில்தான் தெரிகிறது.

படி 2: பயர்ன் டிக்கெட் எடுங்கள்

மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலம் (ஜெர்மனில் பயர்ன்) முழுக்க ஒரு நாள் செல்லும் டிக்கெட் இது. ஐந்து பேர் வரை சேரலாம். ஐந்து பேரும் பங்கு போட்டால் தலைக்கு 15 யூரோ பக்கம்தான் வரும். மியூனிக் நகர டிராம், பஸ், மெட்ரோ எல்லாம் இதிலேயே அடக்கம். வார நாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். சனி, ஞாயிறு நேரக் கட்டுப்பாடு இல்லை. மறுநாள் அதிகாலை 3 மணி வரை ஊர் சுற்றலாம். பயணிகள் எல்லார் பெயரும் டிக்கெட்டில் இருக்க வேண்டும். குழுவில் யாரிடமாவது டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸில் செல்லும் மாத டிக்கெட்) இருந்தால் அவரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவருக்கு அதுவே போதும்.

படி 3: வேக ரயிலை மறந்துவிடுங்கள்

ஐசிஇ, ஐசி, இசி என்று தொடங்கும் ரயில்களில் இந்த டிக்கெட் செல்லாது. ரயில்களில் ஆர்இ, ஆர்பி, எஸ்-பான் என்ற உள்ளூர் ரயில்கள் மட்டும்தான். ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் ஆப்பில் உள்ளூர் ரயில்களை மட்டும் காட்டச் சொல்லித் தேடினால் குழப்பம் இல்லை. தெரியாமல் ஏறினேன் என்பதெல்லாம் எடுபடாது. டிக்கெட் இல்லாப் பயணத்துக்கு அபராதம் 60 யூரோ.

படி 4: ரயிலை மட்டுமல்ல, பெட்டியையும் பாருங்கள்

நாங்கள் அடிபட்டுக் கற்ற பாடம் இது. டேகர்ன்சே ஏரிக்குக் கிளம்பினோம். கூட்டமாக இருந்ததால் மூன்று பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் இன்னொரு பக்கம் ஏறினோம். ஒரு மணி நேரம் கழித்து போன்: "ஏரி வந்துருச்சு, இறங்கிட்டோம். நீங்க எங்கடா?" எங்கள் ஜன்னலில் ஏரியே இல்லை. விஷயம் என்னவென்றால், அந்தத் தடத்தில் ஹோல்ஸ்கிர்ஷன் நிலையத்தில் ரயில் பிரியும். ஒரு பகுதி டேகர்ன்சே பக்கம், இன்னொன்று பயரிஷ்செல் பக்கம். அவர்கள் நின்றது ஷ்லியர்சே ஏரிக்கரையில்! ஐந்து பேரின் டிக்கெட்டும் என் போனில். நல்லவேளை, அவர்கள் பெட்டியில் பரிசோதகர் வரவில்லை.

ஆகவே பிளாட்பாரத்தில் ஏ, பி, சி என்று எழுதியிருக்கும் பகுதிகளைக் கவனியுங்கள். எந்தப் பகுதியில் நிற்கும் பெட்டி எந்த ஊருக்கு என்று தகவல் பலகை சொல்லும். பெட்டியின் பக்கவாட்டுத் திரையிலும் ஊர் பெயர் ஓடும். எல்லாரும் ஒரே பெட்டியில் ஏறுங்கள், நின்றுகொண்டு போக நேர்ந்தாலும்.

படி 5: எல்லை தாண்டுங்கள்

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரை இதே டிக்கெட் செல்லும். சுமார் இரண்டு மணி நேரம். வழியில் ப்ரீனில் இறங்கினால் கீம்சே ஏரி, படகில் போனால் தீவில் இரண்டாம் லுட்விக் மன்னரின் அரண்மனை. ஷெங்கன்தானே, எல்லைச் சோதனை இருக்காது என்று பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். திரும்பும்போது ஜெர்மன் போலீஸ் ஏறிச் சோதிப்பதுண்டு. அங்கே படிப்பவர்கள் வதிவிட அட்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சால்ஸ்பர்க்கைத் தாண்டி வியன்னா, ப்ராக் என்று நீட்டினால் குழு டிக்கெட்டை மறந்து, தனித்தனியாக முன்கூட்டியே எடுங்கள். சால்ஸ்பர்க் – வியன்னாவுக்கு ஆஸ்திரிய ரயில்வேயான ஓபிபியின் ஷ்பார்ஷீனே சலுகை டிக்கெட், தனியார் ரயிலான வெஸ்ட்பான் இரண்டையும் ஒப்பிடுங்கள். வியன்னா – ப்ராக்குக்கு ரெஜியோஜெட் என்ற தனியார் நிறுவனத்தின் மஞ்சள் ரயில், நாலு மணி நேரம்.

படி 6: சாப்பாடு

புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள். ரயிலில் சாப்பிட யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் சூப்பர் மார்க்கெட் மூடிக்கிடக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடணும். காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டால் முன்பணம் 25 சென்ட் திரும்பி வரும். ஐந்து பேரும் ஆளுக்கு இரண்டு பாட்டில் சேர்த்தால் மாலையில் இரண்டரை யூரோ தேறும். எங்கள் குழுவில் அது பை சுமந்தவனுக்கு.