படம் முடிந்த பிறகு ஓவியர்கள் செய்யும் தவறுகள்

சில வருடங்களுக்கு முன்னால், ஒரு மே மாதம். தாம்பரத்தில் என் அறையிலிருந்து நகரத்துக்குள் ஒரு கண்காட்சிக்காக ஐந்து கேன்வாஸ்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றினேன். அதில் மூன்றடிக்கு நான்கடி அக்ரிலிக் படம் ஒன்று. முடித்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அடிபடக் கூடாதே என்று பபிள் ராப்பைப் படத்தின் முகத்தோடு சேர்த்து இறுக்கமாகச் சுற்றியிருந்தேன். இரண்டு மணி நேரம் வெயிலில் வண்டி ஊர்ந்தது. அங்கே போய்ப் பிரித்துப் பார்த்தால், மூன்று வாரம் உட்கார்ந்து தீட்டிய வானம் முழுக்க வட்ட வட்டமாகத் தழும்பு. அந்தப் படத்தைச் சுவரில் மாட்டவே முடியவில்லை.

படம் போடுவதை எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். பிரஷைக் கீழே வைத்த பிறகு அந்தப் படத்துக்கு என்ன நடக்கும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. நானும் என் நண்பர்களும் இழந்த படங்களில் பெரும்பாலானவை அந்தக் கட்டத்தில்தான் போயின.

அக்ரிலிக் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்பது பாதி உண்மை. மேல்தோல் காயும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற, பூச்சின் கனத்தைப் பொறுத்து நாட்களும் ஆகும், வாரங்களும் ஆகும். முழுதாகக் காய்ந்த பிறகும் அது ஒரு வகை பிளாஸ்டிக்தான். சென்னை வெயிலில் இளகும், எதிரில் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு அக்ரிலிக் படங்களை முகத்துக்கு முகம் சாய்த்து வைப்பதும் இதே காரணத்தால் ஆபத்து. இப்போது நான் நான்கு மூலைகளிலும் கனமான அட்டையை மடித்துப் பொருத்தி, படத்தின் முகத்தில் எதுவுமே படாதபடி செய்கிறேன். தாள் வைத்தே ஆக வேண்டுமென்றால், கேக் சுடுபவர்கள் தட்டில் விரிக்கும் சிலிக்கான் பூசிய தாள். அதற்கு மேல் பபிள் ராப், குமிழ்கள் வெளிப்பக்கம் பார்த்தபடி. கேன்வாஸைச் சுருட்ட வேண்டி வந்தால் வண்ணம் பூசிய பக்கம் வெளியே இருக்க வேண்டும். உள்ளே வைத்துச் சுருட்டினால் பூச்சு நெருக்குண்டு மடியும், விரிக்கும்போது வெடிக்கும்.

எண்ணெய் வண்ணத்தின் கதை வேறு. ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு கெட்டிப்படுகிறது. அதனால் அதற்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும். மழைக்காலம் என்று அறையைப் பூட்டி இருட்டில் வைத்தால் காய்வது தாமதமாகும், வெள்ளை நிறம் மஞ்சளிக்கும். கண்காட்சித் தேதி நெருங்குகிறது என்று, முடித்த அடுத்த வாரமே வார்னிஷ் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பொதுவாக ஆறு மாதமாவது பொறுப்பது வழக்கம். கனமான பூச்சு என்றால் ஒரு வருடம். அதுவரை வார்னிஷ் இல்லாமலே மாட்டலாம், அதில் ஒரு குறையும் இல்லை. அதே போல, அடி அடுக்குகளில் டர்பன்டைன் கலந்து மெல்லிசாகவும் மேலே போகப் போக எண்ணெய் கூட்டியும் போட வேண்டும். தலைகீழாகச் செய்தால், மெதுவாகக் காயும் அடியின் மேல் வேகமாகக் காய்ந்த மேற்பூச்சு பாளம் பாளமாக வெடிக்கும்.

ஒன்றை மறக்கவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது வெளிவரும் சூடு துணிக்குவியலுக்குள் தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயப்போடுங்கள், அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு வையுங்கள்.

டியூபின் முன்பக்கம் இருக்கும் பெயரை நம்பி வாங்குவதும் தவறுதான். பின்பக்கம் நிறமிக் குறியீடு சின்ன எழுத்தில் இருக்கும். அலிசரின் கிரிம்சன் என்ற டியூபில் பி.ஆர். 83 (பிக்மென்ட் ரெட், அதாவது சிவப்பு நிறமி) என்று போட்டிருந்தால், அந்தச் சிவப்பு, முக்கியமாக வெள்ளை கலந்த இடங்களில், வெளிச்சம் பட்டுப் பட்டு வெளிறிவிடும். பி.வி. 19 (பிக்மென்ட் வயலட்) போட்ட சிவப்புகள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். காசு கொடுத்து வாங்குகிறவர் வீட்டில் நம் படம் நிறம் மாறினால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நாம்தானே.

அப்புறம் பூஞ்சணம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கேன்வாஸைச் சுவரோடு சாய்த்து வைக்க வேண்டாம். தரையில் இரண்டு ரீப்பர் கட்டைகளைப் போட்டு, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிறுத்துங்கள். பிளாஸ்டிக் உறையில் இறுக்கி மூடினால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும்.

விலை விஷயத்தில் கூச்சம்தான் பெரிய எதிரி. அறைக்கு நேரில் வருபவருக்கு ஒரு விலை, கேலரியில் ஒரு விலை என்று வைத்தால், அது ஒரு நாள் வெளியே தெரியும். தெரிந்த அன்றே இரண்டு பக்க நம்பிக்கையும் போய்விடும். சதுர அங்குலக் கணக்கு ஒரு நல்ல தொடக்கம். 24-க்கு 36 என்றால் 864 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 20 ரூபாய் வைத்தால் 17,280 ரூபாய், ஃபிரேம் தனி. கேலரியின் கமிஷனையும் சேர்த்து யோசித்தே அந்த அங்குல விலையை முடிவு செய்யுங்கள். கமிஷன் எவ்வளவு, வண்டிச் செலவு யாருடையது, படம் சேதமானால் யார் பொறுப்பு, விற்ற பணம் எத்தனை நாளில் வரும் என்பதையெல்லாம் படம் அறையை விட்டுக் கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். தெரிந்தவர்தானே என்று விட்டுவிட்டு, விற்ற இரண்டு படங்களின் பணத்துக்காக ஒன்றரை வருடம் நடந்திருக்கிறேன்.

சொல்லிச் செய்யும் வேலைகளில், அதாவது உருவப்படம், ஹோட்டல் சுவர், அலுவலகத்துக்கான படம் போன்றவற்றில், பலருக்குத் தெரியாத ஒரு சட்டம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்தின் முதல் பதிப்புரிமை அவருக்கே போகும், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால். அவர் அதைக் காலண்டராக அச்சடித்தாலும் நம்மால் தடுப்பது கடினம். ஒரு பக்கத்தில், எளிய தமிழில், ‘பதிப்புரிமை ஓவியருடையது’ என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் நிலைமை மாறிவிடும். ஆனால் 57-ஆம் பிரிவு தரும் உரிமை, அதாவது இது என் படைப்பு என்று சொல்லவும் அதைச் சிதைத்தால் எதிர்க்கவும் உள்ள உரிமை, பதிப்புரிமையை விற்ற பிறகும் படைத்தவரிடமே இருக்கும். டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ப் படைப்பை 1979-இல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். அது சிதைந்தது. 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவின் பேரில்தான் எஞ்சிய பாகங்களை அவரிடமே திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது.

சொல்லிச் செய்யும் வேலையை இழிவாக நினைத்து ஒளித்து வைப்பவர்கள் உண்டு. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் வழிகாட்டுதலில் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர்கள் பத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றும் துணி வேலை) போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்றுத்தான் நிலத்துக்கும் சோற்றுக்கும் வழி செய்தார்கள், சொந்த ஓவியத்துக்கும் நேரம் வைத்துக்கொண்டார்கள். நான் காலை நேரத்தை என் படத்துக்கு ஒதுக்கிவிட்டு, மதியத்துக்கு மேல்தான் ஆர்டர் வேலையைத் தொடுவேன். மாற்றி வைத்த மாதங்களில் என் படம் ஒன்றுகூட நகரவில்லை.

மாட்டும் நாளில் நடக்கும் தவறு பெரும்பாலும் உயரம்தான். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் இருந்தால் பெரும்பாலானோர் கண்ணுக்கு நேராக வரும். பெரிய படம், சின்னப் படம் எல்லாவற்றுக்கும் மேல்விளிம்பை ஒரே கோட்டில் வைக்காதீர்கள், நடுவை ஒரே கோட்டில் வையுங்கள். லேபிளில் அளவு எழுதும்போது முதலில் உயரம், பிறகு அகலம்.

படத்தின் பின்பக்கம் கேன்வாஸ் துணியிலேயே மார்க்கர் பேனாவால் பெயர் எழுதும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். மை நாளடைவில் ஊறி முன்பக்கம் தெரியக்கூடும். பெயர், தலைப்பு, வருடம், என்ன வண்ணம், வார்னிஷ் அடித்ததா இல்லையா, எல்லாவற்றையும் கேன்வாஸை இழுத்து அடித்திருக்கும் ஸ்ட்ரெச்சர் கட்டையின் மேல் பென்சிலால் எழுதுங்கள். ஐம்பது வருடம் கழித்து அதைத் துடைத்துச் சரிசெய்ய உட்காரும் ஒருவர் முதலில் தேடப்போவது அந்த வரியைத்தான்.